மருந்து வாடை

இந்த ஸ்டேஷனில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, ஐயா. சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. காரைக்குடிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் புளியங்குண்டுத் தண்ணீர் கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஆனால் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷம் அந்த ஊர் மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டு, மருந்து கலந்து, குழாய் திறந்துவிட்டவன் நான். என் தண்ணீரைக் குடித்து ஒரு பிள்ளைக்கு வயிற்றால் போனது என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொல்லாதீர்கள், நின்றுகொண்டே சொல்கிறேன். மூன்று மாதமாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் டவுன் பஸ் ஏறிக் காரைக்குடி வருகிறேன். செக்காலை ரோட்டில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடக்கிறேன். வந்த வேலை எதுவும் கிடையாது. மறுபடி பஸ் ஏறி ஊருக்குப் போகிறேன். வீட்டில் சோணையம்மாள், என் சம்சாரம், தட்டை வைத்து "மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடுவாள். கூப்பிட்டதும் எழுந்து வெளியே வந்துவிடுவேன். சோற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவள் வெளியே உங்கள் பெஞ்சில்தான் இருக்கிறாள். சான்றிதழ் விஷயமாக வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வருகிற பதினைந்தாம் தேதி கொடியேற்றும்போது எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கப்போகிறார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தும் எதிரி ஊருக்குத் தண்ணீர் ஊற்றிய மனிதர் என்று பேப்பரில் போட்டோவோடு வந்ததே, அதற்காக. ஒரு பெரிய அதிகாரி ஏற்கெனவே சால்வை போர்த்திவிட்டார். செய்யாத வேலைக்குச் சான்றிதழ் வாங்கி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து கிலோ பிளீச்சிங் பவுடர். தையலைப் பாருங்கள். ஒரு நூல் பிரியவில்லை.

என் மகன் பாண்டிமுருகன். இருபத்து நாலு வயது. காரைக்குடியில் ஒயரிங் வேலை பார்த்தான். சித்திரையில் பெரிய கண்மாய் வற்றும்போது மீன் பிடிக்க எல்லோரும் இறங்குவார்கள். அவன் லீவு போட்டுவிட்டு ஊத்தாக்கூடையோடு வந்துவிட்டான், மீன் என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. இந்த வருஷம் மீன் யாருக்கு என்று எங்களுக்கும் பக்கத்து ஊர் சாத்தமேந்தல்காரர்களுக்கும் தகராறு. இரண்டு ஊரும் ஒரே ஆட்கள்தான், ஐயா. பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஒரே கண்மாயில் குளித்து வளர்ந்தவர்கள். தகராறு முற்றி அரிவாள் வந்துவிட்டது. அவனுக்குத் தொடையில் வெட்டு. எங்குட்டு ஓடுகிறோம் என்று தெரியாமல் சாத்தமேந்தல் பக்கமே ஓடியிருக்கிறான். அவர்கள் ஊருணிக் கரையில் விழுந்து, அங்கேயே போய்விட்டான். விழுந்து ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார். தண்ணீரிலிருந்து அவன் கிடந்த இடம் பதினைந்து அடி. நானே போய் அளந்து பார்த்தேன்.

கேதத்துக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். "ஊருணிக் கரையில கெடந்தியே, நாவு நனைக்க ஆளில்லையே" என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒப்பாரியில் அப்படித்தான் வரும். வாயில் பால் ஊற்றி, பேரன் பேத்தி சூழ இருந்து அனுப்பிவைத்த கிழவனுக்கும் நாவு நனைக்க ஆளில்லை என்றுதான் அழுவார்கள். எனக்கும் அது தெரியும், நூறு கேதத்துக்குப் போனவன். ஆனால் அன்றைக்கு அது கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன சாட்சி மாதிரி என் காதில் விழுந்தது. சோணையம்மாளுக்கும் அப்படியே. அன்றிலிருந்து அவள் விடிந்ததும் பிள்ளை படத்துக்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் வைக்கிறாள். உச்சிவேளை வரை தான் ஒரு வாய் குடிப்பதில்லை. தாகத்தோடு போன பிள்ளைக்கு முன்னால் நான் எப்படிக் குடிப்பது என்கிறாள். சொம்பை எடுத்துக் கீழே ஊற்றும்போது தினமும் அழுகிறாள்.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஆட்கள் சாத்தமேந்தலுக்குள் புகுந்தார்கள். முப்பது முப்பத்தைந்து வீடு எரிந்தது. இரண்டு பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். நான் போகவில்லை, காரியம் முடியாத வீட்டுக்காரன் எப்படிப் போவேன். அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் கேசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை லாரியில் ஏற்றி, நெற்குப்பைக்கு அங்குட்டு மூடிக்கிடந்த ஒரு பஞ்சாலைக் குடோனில் கொண்டுவந்து வைத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். கிழடுகட்டைகள், பெண்கள், பிள்ளைகள். கேட்டுக்கு வெளியே பூட்டு. பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். என் மகனை வெட்டியவன் அதற்குள் இல்லை. அவன் கேரளாவில் இருப்பதாக அப்போதே பேச்சு.

அவர்களுக்குத் தண்ணீர் பார்க்க ஓர் ஆள் கேட்டார்கள். சுற்று வட்டாரத்தில் ஒருத்தனும் வரவில்லை. கொலைகார ஊருக்கு ஊழியம் பார்ப்பதா என்று எல்லோரும் லீவு போட்டுவிட்டார்கள். நான் போகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆள் கேட்ட அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

ஒரு நிமிஷம், ஐயா. பின்னால் குழாய் சொட்டுகிறது, மூடிவிட்டு வருகிறேன்.

வாஷர் போயிருக்கிறது. ஆள் வைத்து மாற்றிவிடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு குடம் வீணாகும்.

முதல் மூன்று நாள் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். எங்கள் ஊர் போர்வெல்லிலிருந்து டேங்கர் வந்து குடோன் தொட்டியை நிரப்பும். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பவுடர். அதை நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். என்னிடம் ஊர் டப்பாவில் கொஞ்சம் பவுடர் மிச்சம் இருந்தது, அதைப் போட்டேன். இந்த மூட்டை மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது.

அன்றைக்குக் காலையில்தான் ஒரு பெண் தன் பிள்ளைக்கு என் தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தரையில் ஊற்றி விளையாடியது. அவள் சிரித்துக்கொண்டு இருந்தாள். உச்சிவேளையில் வீட்டுக்குப் போனேன். சோணையம்மாள் சொம்பைக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தாள். இவர்களுக்குத் தண்ணீரின் அருமை கொஞ்சம் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் டேங்கர் ஓட்டுகிற சேவுகப்பெருமாளிடம், போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, கல்குழியில் எடுத்துக்கொள் என்றேன். பழைய குவாரிப் பள்ளம். மாடு படுக்கும், செத்த நாய் மிதக்கும். அவன் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்தான். "குடிக்கிற தண்ணியாண்ணே, பாத்துக்கங்க" என்றான். மருந்து போடுவேனப்பா, எனக்குத் தெரியாதா என்றேன். உங்களுக்குத் தெரியாததா என்று போய்விட்டான். அவன் மேல் கேஸ் போடாதீர்கள், அவன் என்னை நம்பினான்.

குழித் தண்ணீர் பச்சையாக இருக்கும். படிகாரம் போட்டால் கண்ணாடியாகத் தெளிந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது சாகாது. ஆகவே படிகாரம் போட்டேன். வாடை இல்லாவிட்டால் சந்தேகம் வரும். ஆகவே டப்பாவில் மிச்சம் இருந்த பவுடரைக் குழைத்துத் தொட்டி மூடியின் உள்பக்கம் விளிம்பில் தடவி வைத்தேன். மூடியைத் திறந்தால் கண் எரியும். தண்ணீரில் ஒன்றும் கிடையாது. நாலு நாள் கழித்து டாக்டர் வந்தபோது மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மருந்து சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று என் தோளில் தட்டினார். வெயில், கூட்டம், கக்கூஸ் போதாது என்று எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியதில் பொய்யும் இல்லை.

முதலில் போனது கருப்பி என்கிற கிழவி. எண்பதுக்கு மேல் இருக்கும். இந்த வெயிலில் வீட்டில் இருந்தாலும் போயிருக்கும் வயசுதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் இன்னொரு கிழவர். அதற்கடுத்து ஒரு கைக்குழந்தை, பிறகு அதன் அப்பத்தா. வயிற்றால் போகிறவர்களுக்குத் தாகம் அதிகமாக எடுக்கும். அதிகமாகக் குடிப்பார்கள். குடிக்கக் குடிக்க இன்னும் போகும். நான் தண்ணீரைக் குறைக்கவே இல்லை, அதைக் கவனியுங்கள். கேட்ட போதெல்லாம் திறந்துவிட்டேன். "ஐயா, கொஞ்சம் கூட விடுங்க" என்று கும்பிட்டார்கள். கூடவே விட்டேன்.

அவர்கள் என்னிடம் வேறு எதுவும் பேச மாட்டார்கள். குடத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். நான் யார் என்று தெரிந்திருக்கிறது. அப்போது அது திமிர் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள். சாயங்காலம் நாலு மணி. கேட்டில் இருந்த போலீஸ்காரர் கோட்டைச்சாமி டீ குடிக்கப் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். என்னைத் தவிர யாரை நம்புவார். நான் வெளிப்பக்கம் நின்றிருந்தேன். அழகி என்று ஒரு பெண், பிள்ளையைச் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்தாள். நான் சொன்னேனே, தரையில் தண்ணீரை ஊற்றி விளையாடிய பிள்ளை, அதுதான். சத்தியப்பிரியா. நாலு வயது. உதடு வெடித்துக் கிடந்தது.

"ஐயா, கதவத் தொறந்து விடுங்க. பிள்ளைக்குக் கண்ணு சொருகுது. ரோட்டுக்கு ஓடி ஏதாச்சும் வண்டியில ஏறிக்கிருவேன்."

சாவி என்னிடம் இல்லை என்றேன். அது என் வேட்டி மடியில் இருந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அத்தனை நாளில் அவர்களில் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க பாண்டிமுருகனப் பெத்தவுகதான? தெரியும். ஒங்க மொகத்துல முழிக்க எங்களுக்கு யோக்கியத இல்லன்னுதான் யாரும் பேசாம இருந்தோம். ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். அன்னைக்கி ஊருணியில தண்ணி எடுத்துக்கிட்டு இருந்தது நாந்தான். கொடத்தப் போட்டுட்டு ஓடிப்போயி தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டேன். கையில அள்ளி அள்ளிக் குடுத்தேன். நல்லாக் குடிச்சாப்ல. எங்க ஊரு ஆம்பளைகளுக்குப் பயந்து இதுவரைக்கும் நான் வாயத் தொறக்கல."

அவள் நிறுத்தாமல் பேசினாள். பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு பேசினாள்.

"மாமா வருவாரு, மாமா வருவாருன்னே சொல்லிக்கிட்டு இருந்தாப்ல. எந்த மாமா, எந்த ஊருன்னு கேட்டேன். சொல்லத் தெரியல. யாரையாச்சும் ஆள் விட்டு அவர வரச் சொல்ல எனக்கு நாதியில்லாமப் போச்சு. அந்த மாமன் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமுல்ல? அவருகிட்டச் சொல்லிருங்க, கடைசி வரைக்கும் அவரத்தான் தேடுனாப்லன்னு. இப்ப இந்தக் கதவ மட்டும் தொறந்து விடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பொய் சொல்லாதே என்றேன். என் மகனுக்கு மாமன் என்று யாரும் கிடையாது. சோணையம்மாள் ஒற்றைப் பிள்ளை, அவளோடு பிறந்த ஆண் ஒருத்தன் இல்லை. அவள் பங்காளி வழியில் தேடினாலும் கிடையாது. நீங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கதவைத் திறக்க வைப்பதற்காகச் செத்த பிள்ளை பேரைச் சொல்கிறாள், இப்படிப் பெண்கள் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கம்பியைப் பிடித்தபடியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழே போய் நின்றேன். உட்கார முடியவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கோட்டைச்சாமி வந்து சாவியை வாங்கிக்கொண்டார், அவரிடம் அவள் ஏதோ கேட்டாள், ஆம்புலன்ஸ் வருகிறதாமே என்று அவரும் ரோட்டைப் பார்த்தார். ஆறேகாலுக்கு நான் நூற்றெட்டுக்குப் போன் பண்ணினேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள், குறை சொல்ல முடியாது. பிள்ளை வழியில் போய்விட்டது.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்குள் நாலு பேர் போயிருந்தார்கள், ஐயா. நாவு நனைக்காத ஊர் என்று நினைத்துத்தான் அந்த நாலு பேரையும் போகவிட்டேன். கதவைத் திறந்தால் அவள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். உண்மை என்றால் அந்த நாலு பேரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். மறுநாளும் கல்குழித் தண்ணீரையே ஊற்றினேன். நிறுத்தினால் எதற்காக நிறுத்தினாய் என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டிவரும். அதில் இன்னும் இரண்டு பேர். மொத்தம் ஏழு. பதினோராம் நாள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது லாரியிலிருந்து அழகி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன் என்பதற்காக.

எழுதுகிறவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், எழுதட்டும்.

மாமன் கிடையாது என்று சொன்னது நிஜம்தான். சோணையம்மாள் என்னை மாமா என்று கூப்பிடுவாள், எங்கள் பக்கம் கட்டிக்கொண்டவனை அப்படித்தான் கூப்பிடுவது. பாண்டிமுருகன் அவள் இடுப்பில் இருந்து பேச்சுப் படித்தவன். அவள் கூப்பிட்டதைக் கேட்டு, ஒன்றரை வயதில் அவனும் என்னை மாமா என்றான். ஊரே சிரித்தது. டேய், அப்பான்னு சொல்லுடா என்று பாட்டிமார்கள் கிள்ளிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டோம். வளர்ந்து மீசை முளைத்து, ஒயரிங் வேலைக்குப் போன பிறகும் போனில் "மாமா, சாப்டீகளா" என்றுதான் கேட்பான். இருபத்து நாலு வருஷத்தில் அவன் என்னை ஒரு தரம்கூட அப்பா என்று கூப்பிட்டதில்லை.

சாத்தமேந்தல்காரிக்கு அது எப்படித் தெரியும். கட்டிச் சொல்லியிருந்தால் அப்பாவைத் தேடினான் என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் அந்த வார்த்தையைச் சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், ஐயா. மணி நாலு. சாவி மடியில் இருந்தது. பிள்ளைக்கு அப்போது மூச்சு நன்றாக இருந்தது. தெரிந்துதான் வேப்பமரத்தடிக்குப் போனேன். தெரிந்துதான் மறுநாளும் ஊற்றினேன். அந்த ஏழு பேரையும் நான்தான் கொன்றேன். இப்போது கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. வெளியே இருக்கிறவளுக்குத் தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம், இன்னும் உச்சிவேளை ஆகவில்லை, குடிக்க மாட்டாள். இன்றைக்கும் சொம்பு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பிள்ளை தண்ணீர் குடித்துத்தான் போனான் என்பதை இந்த மூன்று மாதத்தில் அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு வீணாக மனக்கஷ்டம் என்றுதான்.